வெள்ளைக்கு ஒண்ணு, பிங்க்குக்கு ஒண்ணு: விளவங்கோட்டுல ரெண்டு ஓட்டையும் பிரிச்சுப் போடலாமா?

மார்ச் 31, 2024, இரவு

விளவங்கோடு தொகுதிக்காரங்க யாராவது இருக்கியளா? ஏப்ரல் 19ம் தேதி தமிழ்நாடு முழுக்க ஆளுக்கு ஒரு ஓட்டு, நமக்கு மட்டும் ரெண்டு. ஒண்ணு கன்னியாகுமரி எம்பிக்கு, அது வெள்ளைத்தாள், இன்னொண்ணு நம்ம எம்எல்ஏ இடைத்தேர்தலுக்கு, அது பிங்க் தாள். நேத்தோட வாபஸ் முடிஞ்சு லிஸ்ட்டும் வந்தாச்சு. எம்பிக்கு ஒரு கட்சி, எம்எல்ஏக்கு வேற கட்சின்னு யாராவது போட்டிருக்கியளா? போட்டா என்ன ஆகும்? எனக்கு ரெண்டுலயும் இன்னும் முடிவாகல. கட்சிக்காரங்க தயவுசெஞ்சு போஸ்டர் ஒட்டாதீங்க, அது எங்க வீட்டு மதில்லயே இருக்கு.

மார்ச் 31, கொஞ்சம் கழிச்சு

வெளியூர்க்காரங்க கேக்கறதால லிஸ்ட். எம்பிக்கு காங்கிரஸ் விஜய் வசந்த், பாஜக பொன். ராதாகிருஷ்ணன், அதிமுக பசிலியான் நசரேத், நாம் தமிழர் மரிய ஜெனிபர். எம்எல்ஏக்கு காங்கிரஸ் தாரகை கத்பர்ட், பாஜக நந்தினி, அதிமுக ராணி, நாம் தமிழர் ஜெமினி. ஆமா, எம்எல்ஏக்கு நாலு பேருமே பெண்கள். நாம் தமிழர் எப்பவும் பாதிக்கு பாதி பெண்களுக்கு குடுக்கற கட்சி, அதுல ஆச்சரியமில்ல, மத்த மூணு கட்சியும் பெண்களையே நிறுத்துனதுதான் ஆச்சரியம். மூணு தடவை ஒரு பெண் ஜெயிச்ச தொகுதிங்கறதால எல்லாரும் ஒரே கணக்கைப் போட்டிருக்காங்க போல. சுயேச்சைகளும் உண்டு, எம்பி லிஸ்ட் 16ஐ தாண்டிட்டதால அதுக்கு மெஷின் ரெண்டு யூனிட்டாக்கும்.

ஏப்ரல் 2

"இடைத்தேர்தல் எதுக்கு, யாரு செத்தா"னு ஒருத்தர் கேட்டிருக்காரு. யாரும் சாகல. 2011, 2016, 2021னு மூணு தடவையும் காங்கிரஸ்ல ஜெயிச்ச விஜயதரணி பிப்ரவரி 24ம் தேதி பாஜகவுல சேர்ந்தாங்க, பதவியையும் ராஜினாமா பண்ணிட்டாங்க. கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985லேருந்து இருக்கு, ஆனா அது பதவியில உக்காந்துட்டு தாவறவங்களுக்குத்தான். ராஜினாமா பண்ணிட்டுப் போறவங்கள அது பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. சீட் காலியானா ஆறு மாசத்துல தேர்தல் வைக்கணும், அதனால எம்பி தேர்தலோடயே இதையும் சேர்த்துட்டாங்க. தனியா வச்சிருந்தா அத்தனை மந்திரிகளும் மார்த்தாண்டத்துல வந்து ரூம் போட்டிருப்பாங்க. நாம தப்பிச்சோம், லாட்ஜ்காரங்களுக்கு நஷ்டம்.

ஜெயிக்கறவங்களுக்கு எவ்வளவு நாள்னு பாத்தியளா? ஜூன் 4 ரிசல்ட், சட்டமன்றம் முடியறது 2026 மே. ரெண்டு வருஷம்கூட முழுசா இல்ல.

ஏப்ரல் 3

"கட்சி மாறினவங்களுக்கு பாடம் புகட்டணும், அதுக்கு ஒரு ஓட்டு போதும்"னு ரெண்டு மூணு பேர் எழுதியிருக்கியளே. நானும் மொதல்ல அப்படித்தான் யோசிச்சேன். ஆனா பாடம் யாருக்கு? விஜயதரணிக்கு எம்பி சீட்டும் குடுக்கல, எம்எல்ஏ சீட்டும் குடுக்கல. அவிய பேரே மெஷின்ல இல்ல. நந்தினிக்கு எதிரா போட்டா அது நந்தினிக்கு கெடைக்கற தண்டனை, அவிய என்ன செஞ்சாங்க பாவம். சரி, தாவற ஆளை மூணு தடவை நிறுத்துன கட்சிய தண்டிக்கலாம்னா அது தாரகைக்கு கெடைக்கும், அவியளும் ஒண்ணும் செய்யல. கோவத்துல ஓட்டு போடணும்னா கோவத்துக்கு ஒரு முகம் வேணும்லா, இங்க அது ரெண்டு பக்கமும் இல்ல. ஆக இந்தக் காரணத்தை லிஸ்ட்டுலேருந்து தூக்கிட்டேன்.

ஏப்ரல் 3, இரவு

நோட்டான்னு சொன்னவருக்கு: நோட்டா எல்லாரையும் விட கூட வாங்கினாலும் அடுத்ததா யாரு அதிகமோ அவங்கதான் எம்எல்ஏ. 2013ல சுப்ரீம் கோர்ட் சொல்லி வந்த பட்டன், மனசு ஆறும், அவ்வளவுதான். எனக்கு ரெண்டு ஓட்டு கெடைச்சிருக்கு, அதுல ஒண்ணைக் கொண்டுபோய் மனசாறுதலுக்கு செலவழிக்க மனசில்ல.

ஏப்ரல் 5

இப்ப என் சொந்தக் கதை. கடையால் பக்கம் எங்களுக்கு கொஞ்சம் ரப்பர் இருக்கு. இப்ப வெட்டு இல்ல, இலை உதிர்ந்து மரம் ஓய்வுல இருக்கு, கோடை மழை ரெண்டு நல்லா விழுந்தாத்தான் பால்வெட்டுக்காரர் வருவாரு. ரப்பர் ஷீட் விலை கிலோ 180 ரூபாய் பக்கம் வந்திருக்கறது இந்த நேரத்துலயாக்கும், கையில ஷீட் இல்லாதப்போ. 2011ல 240 தொட்டத பாத்துதான் எங்க அப்பா மரவள்ளிய பிடுங்கிட்டு ரப்பர் வச்சாரு. மரம் வெட்டுக்கு வர்ற ஏழு வருஷத்துல விலை பாதியாப் போச்சு.

எங்க வீட்டுல "ரப்பருக்கு யாரு வழி பண்றாங்களோ அவங்களுக்கு ஓட்டு"ன்னு சொல்லுவாங்க. சரி, அது எந்த ஓட்டு? வெளிநாட்டு ரப்பருக்கு வரி போடறது டெல்லி. 25 சதவீதம், இல்லேன்னா கிலோவுக்கு 30 ரூபாய், எது கொறவோ அது. விலை 180னா 25 சதவீதம் 45 ரூபாய் வரணும், ஆனா 30ல நின்னுரும். இதைத் தொடணும்னா எம்பி பேசணும், பேசினாலும் டயர் கம்பெனிகளோட சத்தம் அதைவிட பெருசா இருக்கும். 2023 பட்ஜெட்ல காம்பவுண்ட் ரப்பருக்கு, அதாவது கெமிக்கல் கலந்து வர்ற ரப்பருக்கு, வரிய 10ல இருந்து 25 சதவீதம் ஆக்கினாங்க, அது நல்ல காரியம், அதையும் சொல்லணும்.

ஆனா களியக்காவிளை தாண்டினா கேரளாவுல என்ன? அங்க மாநில அரசே ஒரு ஆதரவு விலை வச்சிருக்கு. சந்தை விலை அதுக்குக் கீழ போனா வித்தியாசத்தை விவசாயி கணக்குல போட்டுருவாங்க. 170 இருந்தத இந்த பிப்ரவரி பட்ஜெட்ல 180 ஆக்கியிருக்காங்க. இப்ப சந்தையே அந்தப் பக்கம் இருக்கறதால பெருசா ஒண்ணும் கெடைக்காது, ஆனா விலை விழறப்போ அவங்களுக்கு ஒரு பிடி உண்டு. எங்க மாமாவுக்கு பாறசாலைல தோட்டம், நமக்கு இங்க, ரெண்டும் ஒரே மண்ணு, ஒரே மழை. அவருக்கு இருக்கு, எங்களுக்கு இல்ல. அப்ப இது சென்னைல கேக்க வேண்டிய விஷயம், அதாவது எம்எல்ஏ ஓட்டு.

இவ்வளவு எழுதின பிறகுதான் தெரியுது, எம்பி ஓட்டுக்குன்னு வச்சிருந்த என்னோட மொத காரணமே பாதி எம்எல்ஏ ஓட்டுக்குப் போயிட்டு.

ஏப்ரல் 6

"எல்லாரும் நாட்டைப் பாத்து ஓட்டு போடுங்க, லோக்கல் அப்புறம்"னு எழுதினவருக்கு. அண்ணாச்சி, லோக்கலுக்கு "அப்புறம்"னு ஒரு நாள் இல்ல. அதே நாள், அதே பூத், ரெண்டாவது மெஷின்.

ஏப்ரல் 7

நாகர்கோவில்காரர் ஒருத்தர் அடிச்சு சொல்றாரு: "2021லயே நம்ம மாவட்டம் பிரிச்சுப் போட்டாச்சு, எம்பிக்கு காங்கிரஸ், நாகர்கோவில் எம்எல்ஏக்கு பாஜக, கன்னியாகுமரி எம்எல்ஏக்கு அதிமுக." தகவல் சரி. அப்ப எம்பியா இருந்த காங்கிரஸ் வசந்தகுமார் 2020 ஆகஸ்ட்ல கொரோனாவுல இறந்தாரு, அதனால 2021 ஏப்ரல் 6 அன்னிக்கு மாவட்டம் முழுக்க ரெண்டு ஓட்டு போட்டோம். எம்பிக்கு அவரு மகன் விஜய் வசந்த் ஜெயிச்சாரு. ஆறு எம்எல்ஏல நாகர்கோவில் எம்.ஆர். காந்தி, கன்னியாகுமரி தளவாய் சுந்தரம், பத்மநாபபுரம் திமுக மனோ தங்கராஜ், மிச்சம் மூணும் காங்கிரஸ்.

ஆனா இத வச்சு ஜனங்க பிரிச்சுப் போட்டாங்கன்னு சொல்ல முடியாது கேட்டியளா. நாகர்கோவில் ஆளுங்க எம்பிக்கும் பாஜகவுக்கே போட்டிருக்கலாம், குளச்சல், கிள்ளியூர், விளவங்கோட்டுல விழுந்த காங்கிரஸ் ஓட்டு அத முழுங்கியிருக்கலாம். தெரியணும்னா ஃபார்ம் 20 பாக்கணும். பூத் வாரியா யாருக்கு எத்தனைன்னு தேர்தல் கமிஷன் போடற பட்டியல் அது. எம்பி ஃபார்ம் 20ல நாகர்கோவில் பகுதிய எடுத்து, எம்எல்ஏ ஃபார்ம் 20 பக்கத்துல வச்சுப் பாத்தா ஒவ்வொரு பூத்லயும் வித்தியாசம் தெரியும். அப்பவும் ஆளு ஆளா தெரியாது, மொத்த வித்தியாசம்தான். பொழுது போகாதவங்க யாராவது செய்யுங்க, நான் படிக்க ரெடி.

ஏப்ரல் 8

பணக்கணக்கு கேட்டீங்க. எம்பி தொகுதி நிதி வருஷத்துக்கு 5 கோடி, அத ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் பிரிக்கணும், நம்ம பங்கு 83 லட்சம் வரும். எம்எல்ஏ தொகுதி நிதி 3 கோடி, மொத்தமும் விளவங்கோட்டுக்கே. நம்ம தெரு ஓடைக்கும் பஸ் ஸ்டாப் கூரைக்கும் எந்த ஓட்டு பெருசுன்னு இதுலயே தெரியும். இதுல எம்பிமாருக்கு 2020 ஏப்ரல்லேருந்து 2021 நவம்பர் வரைக்கும் அந்த நிதியே கெடையாது, கொரோனான்னு டெல்லி நிறுத்தி வச்சது. "எம்பி ஒண்ணும் செய்யல"ன்னு திட்டறவங்க அதையும் சேர்த்து திட்டுங்க.

ஆனா நிதி வச்சு எம்பிய அளக்கறது எனக்கு என்னமோ பிடிக்கல. பஸ் ஸ்டாப் கட்டறதுக்கா டெல்லிக்கு அனுப்புறோம்?

ஏப்ரல் 9

நாலுவழிச்சாலை. இத எழுதாம இருக்கலாம்னு பாத்தேன், முடியல.

காரோட்டிலேருந்து நாகர்கோவில் வரைக்கும் தெனமும் போறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. பொன்னார், அதான் பொன். ராதாகிருஷ்ணன், மத்திய மந்திரியா இருந்தப்போதான் மார்த்தாண்டம் மேம்பாலமும் பார்வதிபுரம் மேம்பாலமும் வந்தது, அத மறைக்க முடியாது, நான் பாஜக இல்ல, ஆனா தெனமும் அந்தப் பாலத்து மேலதான் போறேன். நாலுவழிச்சாலையும் அப்ப ஆரம்பிச்சதுதான். அப்புறம் நின்னுது. ஏன் நின்னுதுன்னு கேட்டா பாஜககாரங்க, மாநில அரசு மண் எடுக்க பெர்மிஷன் குடுக்கலங்கறாங்க, காங்கிரஸ்காரங்க, மத்திய அரசு பணம் ஒதுக்கல, டெண்டர் போடலங்கறாங்க. ரெண்டு மேடையையும் கேட்டா ரெண்டு பேரும் உண்மையில பாதி பாதி சொல்றாங்கன்னு தோணுது. ரோடு டெல்லியோடது, ரோட்டுக்கு நிரப்பற மண்ணு சென்னையோடது. இதுல நான் எந்த பட்டனை அமுக்கினா ரோடு வரும்?

டீக்கடையில ஒரு பெரியவர் சொன்னாரு, "எம்பி அந்தக் கட்சி, மாநிலம் இந்தக் கட்சின்னு இருந்தா ரெண்டு பேரும் போட்டி போட்டு செய்வானுவ". அண்ணே, 2014லேருந்து 2019 வரைக்கும் அப்படித்தான் இருந்துது, பாலம் வந்துது, சாலை நின்னுதுன்னேன். "அப்ப ரெண்டும் ஒரே கட்சின்னா?" ஒரே கூட்டணி 2021லேருந்து இருக்கு, ஆனா டெல்லி வேற. அவரு சாயாவ குடிச்சிட்டு கிளம்பிட்டாரு.

ஏப்ரல் 11

கொஞ்சம் சிரிக்கலாம். பாறசாலை மாமா போன் பண்ணி, "அங்க உங்க காம்ரேடுகள் கைக்கு ஓட்டு கேக்கறாங்களாமே"ன்னாரு. ஆமா, இங்க மார்க்சிஸ்ட், சிபிஐ ரெண்டும் காங்கிரஸ் கூட்டணி. அங்க திருவனந்தபுரத்துல சசி தரூருக்கு எதிரா சிபிஐயோட பன்னியன் ரவீந்திரன், நடுவுல பாஜக ராஜீவ் சந்திரசேகர். களியக்காவிளை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் தோள்ல கை, அந்தப் பக்கம் சட்டையில கை. காலைல இங்க காங்கிரசுக்கு கோஷம் போட்டுட்டு, வேலைக்கு பஸ் ஏறி அந்தப் பக்கம் இறங்குனதும் காங்கிரச திட்டற ஆளு எங்க தெருவுலயே இருக்காரு, அவருக்கு ஒரு குழப்பமும் இல்ல. எனக்குத்தான். இத்தனைக்கும் விளவங்கோடு 2006ல மார்க்சிஸ்ட் ஜெயிச்ச தொகுதி.

ஏப்ரல் 14

விஷு. கணி பாத்து, கைநீட்டம் வாங்கி, சாப்பிட உக்காந்ததும் ஓட்டுப் பேச்சு. வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் உக்காந்தோம். மாமி ரெண்டும் தாமரைன்னாங்க, அம்மை ரெண்டும் கைன்னாங்க, ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. நான் அவியல் இன்னும் கொஞ்சம் வாங்கிக்கிட்டேன். சித்தப்பா மகள் மட்டும் "எனக்கு எம்எல்ஏக்கு மைக்"ன்னா, அதாவது நாம் தமிழர். காலேஜ் ரெண்டாம் வருஷம், மொத ஓட்டு. ஏம்மக்கா, ஜெயிக்காதே அதுன்னு மாமி கேட்டதுக்கு, "ஜெயிக்கறவங்களுக்கு போடணும்னா ரிசல்ட் வந்தப்புறம் போட்டா போதும்லா"ன்னு சொன்னா பாருங்க, யாரும் பதில் பேசல.

நம்ம மாவட்டத்துல யாரு எந்தக் கட்சிக்குப் போடுவாங்கன்னு வீட்டு வாசல்ல என்ன படம் மாட்டியிருக்குன்னு பாத்தே சொல்லிரலாம்னு ஒரு நெனப்பு எல்லாருக்கும் உண்டு. பாதி உண்மை. அதனாலதான் ரெண்டு கட்சியும் முடிவாகாத ஆளுங்கள தேடறதே இல்ல, தன் ஆளுங்க பூத்துக்கு வந்தா போதும்னு நினைக்கறாங்க. என்கிட்ட வந்து யாரும் எதையும் விளக்கல. நோட்டீஸ் குடுத்துட்டு ஓடிட்டாங்க.

ஏப்ரல் 15

கால்வாய். இதுக்கு மேல யோசிக்க எனக்குத் தெம்பு இல்ல, ஆனா மேலே ஒருத்தர் "நெய்யாறு தண்ணி யாரு கொண்டு வர்றாங்களோ அவங்களுக்கு போடு"ன்னு ஈசியா எழுதிட்டுப் போயிட்டாரு. கேரளாவுல இருக்கற நெய்யாறு அணையோட இடதுகரைக் கால்வாய்ல விளவங்கோடு தாலுகாவுக்கு தண்ணி வந்துக்கிட்டு இருந்துது. 1956 நவம்பர் 1 அன்னிக்கு நாம தமிழ்நாட்டுக்கு வந்தோம், அணை அந்தப் பக்கம் நின்னுட்டு. 2004லேருந்து தண்ணி இல்ல. கேரளா அது அவங்க ஆறுங்குது, தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிருக்கு. இதுக்கு நடுவுல சென்னைல ஆட்சி மாறிச்சு, திருவனந்தபுரத்துல மாறிச்சு, டெல்லில மாறிச்சு. எம்எல்ஏ எதிர்க்கட்சியாவும் இருந்தாச்சு, ஆளுங்கட்சி கூட்டணியாவும் இருந்தாச்சு. கால்வாய்ல புல்லு முளைச்சுக் கெடக்கு. எந்த வேட்பாளர் "நெய்யாறு தண்ணி"ன்னு ஆரம்பிச்சாலும் நான் காதை மூடிக்கறேன்.

ஏப்ரல் 16

சரி, யோசிச்சு யோசிச்சு எங்க வந்திருக்கேன்னா, எம்பி ஓட்டு எனக்கு ஈசியாயிட்டு. அது டெல்லில யாரு ஆளணுங்கற ஓட்டு, நம்ம ஆறு தொகுதி ரோட்டைப் பாத்துக் குழம்ப வேண்டியதில்ல. அது யாருன்னு இங்க எழுத மாட்டேன், எழுதினா இந்தப் பக்கம் கடைசி வரைக்கும் சண்டைதான். கஷ்டம் எம்எல்ஏ ஓட்டு. எல்லாரும் தலைகீழா சொல்றாங்க, லோக்கல்னா ஆளைப் பாத்து போட்டுரலாம்னு. ஆளைப் பாக்க எங்க நேரம் குடுத்தாங்க? பேரு வந்து மூணு வாரம். நாலு பேர்ல யாரும் இதுக்கு முன்ன எம்எல்ஏவா இருந்தவங்க இல்ல, பழைய கணக்கு பாக்க வழியில்ல. அஃபிடவிட் படிச்சேன், சொத்தும் படிப்பும் தெரியுது, காலைல ஆறு மணிக்கு போன் எடுப்பாங்களான்னு அதுல கட்டம் இல்ல.

அதனால ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டேன். ராத்திரி பகல்னு பாக்காம கேரளாவுக்கு கல்லும் எம்சாண்டும் ஏத்திட்டு ஓவர்லோடுல போற டாரஸ் லாரி. ஸ்கூல் விடற நேரத்துல குழித்துறை ரோட்டுல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும். இதுக்கு டெல்லி வேண்டாம், கோர்ட் வேண்டாம். கலெக்டர், எஸ்பி, ஆர்டிஓ, கனிமவளத்துறை, இவங்கள விடாம நச்சரிக்கற ஒரு எம்எல்ஏ போதும். ரெண்டு வருஷத்துல நடக்கக்கூடிய காரியம் இது ஒண்ணுதான். நாலு பேர்ல இதைப் பத்தி யாரு, எவ்வளவு தெளிவா பேசறாங்கன்னு மட்டும் பாக்கப் போறேன்.

ஏப்ரல் 17, இரவு

ஆறு மணியோட பிரச்சாரம் முடிஞ்சுது, ஊர் அமைதியாயிட்டு, காது இன்னும் அமைதியாகல. லாரி விஷயத்துல பாத்தா ரெண்டு பேர் பேசினாங்க. ஒருத்தர் எதிர்க்கட்சிய திட்டறதுக்காகப் பேசினாரு. இன்னொருத்தர் எந்த ரோடு, எந்த நேரம்னு சொல்லிப் பேசினாரு. எனக்கு இது போதும். "ஒரு லாரிய வச்சா எம்எல்ஏவ தேர்ந்தெடுப்பே"ன்னு கேப்பியள். கேளுங்க. நீங்க சின்னத்தை வச்சு எடுக்கறியள்.

ஏப்ரல் 18

திருவனந்தபுரத்துல வேலை பாக்கறவங்க கவனிங்க. அங்க தேர்தல் 26ம் தேதி, அதனால சில முதலாளிங்க "உங்களுக்கும் 26தான் லீவு"ங்கறாங்களாம். எங்க தெரு பையனுக்கும் அதே கதை. ஓட்டு இருக்கற நாளைக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துலயே இருக்கு, பூத் சிலிப்பைக் காட்டிக் கேளுங்க. பூத் சிலிப் மட்டும் வச்சு ஓட்டு போட முடியாது, வோட்டர் ஐடி, ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை கையில வேணும்.

வயசானவங்க இருக்கற வீட்டுல இன்னிக்கே சொல்லிக் குடுத்துருங்க: மொதல்ல எம்பி மெஷின், வெள்ளைத்தாள், ரெண்டு யூனிட் இருக்கும். அடுத்தது எம்எல்ஏ, பிங்க் தாள். ஒவ்வொண்ணுலயும் பீப் சத்தம் வரணும், விவிபேட்ல, அதாவது பக்கத்துல இருக்கற சீட்டுப் பெட்டியில, ஏழு செகண்ட் சீட்டு தெரியும். ஒண்ணு போட்டுட்டு வெளிய வந்துராதீங்க, 2021ல எங்க பூத்துல ஒரு பாட்டிய ஏஜென்ட் எல்லாரும் கூப்பிட்டு திருப்பி அனுப்பினாங்க. மூணு கட்சி ஏஜென்ட்டும் ஒத்துமையா ஒரு காரியம் செஞ்சத அன்னிக்குத்தான் பாத்தேன்.

ஏப்ரல் 19, மதியம்

போட்டாச்சு. வெயிலுக்கு முன்ன போகணும்னு போனேன், எல்லாரும் அதே நெனப்புல வந்திருந்தாங்க.

யாருக்குன்னு இன்பாக்ஸ்ல கேக்கறவங்களுக்கு: சொல்ல மாட்டேன். ரெண்டும் ஒரே கட்சியான்னு கேட்டா, இல்ல. மாமிகிட்ட ரெண்டும் நீங்க சொன்னதுதான்னு சொல்லிருக்கேன், அம்மைகிட்டயும் அதையேதான் சொல்லிருக்கேன்.

ஜூன் 4

எம்பி விஜய் வசந்த், வித்தியாசம் 1.79 லட்சத்துக்கு மேல. எம்எல்ஏ தாரகை கத்பர்ட், 40 ஆயிரத்துக்கு மேல. ரெண்டுலயும் பாஜக ரெண்டாவது, நாம் தமிழர் மூணாவது, அதிமுக நாலாவது. சித்தப்பா மகள் காலைலேருந்து அந்த மூணாவது இடத்தை ஸ்டேட்டஸ்ல வச்சிருக்கா.

இத வச்சு "பாத்தியா, ஒருத்தனும் பிரிச்சுப் போடல"ன்னு அதே நாகர்கோவில்காரர் இப்ப எழுதியிருக்காரு. 2021ல ஒரு மாதிரி, இப்ப வேற மாதிரி. அண்ணாச்சி, அப்ப சொன்னதேதான் இப்பவும், ஃபார்ம் 20 வரட்டும். எங்க பூத்துல ரெண்டு கட்சிக்கும் ரெண்டு மெஷின்லயும் எத்தனை வித்தியாசம்னு மொதல்ல பாக்கப் போறது நானாக்கும். ஒரு ஓட்டு வித்தியாசம் எங்கேன்னு எனக்குத் தெரியும், மிச்சம் யாருதுன்னு பாக்கணும்.

புது எம்எல்ஏக்கு லாரி மனு எழுத ஆரம்பிச்சாச்சு. நேரம், ரோடு, எந்தப் பக்கம்லேருந்து வருதுன்னு எழுதி அனுப்பறவங்க பேர் இல்லாம அனுப்புங்க, வண்டி நம்பர் மட்டும் தெளிவா வேணும்.